பொன்னாடை வேண்டாம், ஓர் ‘ஆமா’ போதும்

குமரி மாவட்டத்திலும் செங்கோட்டைப் பக்கத்திலும் நூலக வாசகர் வட்டம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

நவம்பர் 1 நெருங்கும்போது நம் பக்கத்து நூலகங்களில் ஒரு யோசனை தவறாமல் எழும். தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையும் 1956-இல் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த நாள் அல்லவா? “ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிடுவோம். வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய பொருள் ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொண்டுவரச் சொல்லுவோம். அதைப் பற்றி நாலு வார்த்தை பேசட்டும்.”

யோசனையில் குறையில்லை. குறையெல்லாம் நடத்துவதில்தான். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை மூன்று என்று ஒன்றரை மணி நேரம் போகும். அப்புறம் பெரியவருக்கு மூன்று நிமிடம் தருவார்கள். அவர் உருளியைத் தூக்கிக் காட்டி, “இது எங்க பாட்டி காலத்து உருளி, நூறு வருசம் இருக்கும், இப்ப இந்த மாதிரி கிடைக்காது” என்பார். கைதட்டல், பொன்னாடை, போட்டோ. உருளியோடு வந்த கதை வாயைத் திறக்காமல் உருளியோடேயே வீடு திரும்பிவிடும்.

கதை கேட்பதையும் பதிவு செய்வதையும் வேலையாக வைத்திருக்கும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். நாங்கள் கேட்பது ஒன்றுதான். பெரியவரிடம் பொருளைப் பற்றிப் பேசச் சொல்லாதீர்கள். அந்தப் பொருள் கையில் இருந்த ஒரு நாளைச் சொல்லச் சொல்லுங்கள். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த ஒரு நாள் சபையில் ஒழுங்காக வந்து இறங்குவதற்கான ஏற்பாடு.

உண்மைக் கதையை மேடையில் சொல்வதற்கென்றே உலகத்தில் பல இடங்களில் சபைகள் நடக்கின்றன. நியூயார்க்கில் 1997-இல் தொடங்கிய ‘தி மாத்’ அவற்றில் பேர்பெற்றது. அங்கே காகிதம் பார்த்து வாசிக்கக் கூடாது, சொல்பவருக்கே நடந்ததாக இருக்க வேண்டும், அவர்களுடைய போட்டி மேடைகளில் ஆளுக்கு 5 நிமிடம். அமிர்தசரசில் 2017-இல் திறந்த பிரிவினை அருங்காட்சியகத்தில், எல்லை தாண்டி வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த பூவேலைச் சட்டையும் தோல்பெட்டியும் அவற்றின் கதையோடு இருக்கின்றன. எல்லை நகர்ந்த ஊர் நம்முடையதும்தான் என்பதால் இதைச் சொன்னோம். மற்றபடி கதை சொல்லும் முறையை வெளியூரில் போய்க் கற்க வேண்டிய நிலை நமக்கு இல்லை. கொடைவிழாப் பந்தலில் வில்லுப்பாட்டு கேட்டவர்கள் நாம். முன்னின்று பாடும் அண்ணாவி ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் “ஆமா” போடுவாரே, அந்த ஆமாவைத்தான் இங்கே கடன் வாங்கப் போகிறோம். அதற்குப் பிறகு வருகிறோம்.

முதலில் ஆள் கணக்கு. ஒரு மாலைக்கு 6 பேர், ஆளுக்கு 7 நிமிடம். மொத்தம் 42 நிமிடம். ஏறி இறங்க, பெயர் சொல்ல ஆளுக்கு 2 நிமிடம் வைத்தால் 54. மூன்றாவது ஆளுக்குப் பிறகு 15 நிமிடம் கட்டன்காப்பிக்கு விட்டால் எழுபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். “இன்னும் ரெண்டு பேர் ஆசைப்படுகிறார்கள், சேர்த்துக்கொள்வோமே” என்று யாராவது சொல்வார்கள். சேர்க்காதீர்கள். எட்டாவது ஆள் ஏறும்போது சபையின் காது நிறைந்திருக்கும். பாவம் அவர், குற்றம் தன் கதையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

மேடைக்கு முன் இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போக வேண்டும். இதைச் செய்யாமல் நடத்தும் நிகழ்ச்சிதான் உருளியைத் தூக்கிக் காட்டுவதில் முடிகிறது.

முதல் முறை போகும்போது முக்கால் மணி நேரம் உட்காருங்கள். “இது எப்படிக் கிடைச்சுது?” என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு வம்சாவளிதான் பதிலாக வரும். “இதை வீட்டுல எந்த எடத்துல வச்சிருந்தீங்க? யாரு தொட்டா அம்மை சத்தம் போடுவா? கடைசியா யாரு கையில இருந்துது? எப்பவாவது விக்கலாம்னு எடுத்துட்டுப் போனதுண்டா?” இந்த மாதிரிக் கேளுங்கள். கடைசிக் கேள்வி பத்து வீட்டில் எட்டு வீட்டில் கதையைத் திறக்கும். செங்கோட்டை – புனலூர் மீட்டர் கேஜ் ரயிலின் பழைய அட்டை டிக்கெட்டை ஒருவர் வைத்திருந்தால், ரயிலைப் பற்றிக் கேட்காமல், “ஆரியங்காவு குகைக்குள்ள நுழையும்போது ஜன்னலை யாரு சாத்துவா?” என்று கேளுங்கள். புகையின் வாசனை ஞாபகம் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யார் என்பதும் தானே வந்துவிடும். அந்தப் பாதையில் மீட்டர் கேஜ் 2010-இல் நின்று, அகல ரயில் 2018-இல் முழுதாக ஓடியதெல்லாம் எங்கேயும் படித்துக்கொள்ளலாம். ஜன்னல் சாத்தியது யார் என்பது அவரிடம் மட்டும்தான் உண்டு.

இரண்டாவது முறை, ஒரு வாரம் கழித்து. அவர் சொன்னதிலிருந்து நீங்கள் மூன்றை எடுத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும்: எங்கே தொடங்குகிறது, எந்த இடத்தில் மாறுகிறது, எந்த வரியில் நிற்கிறது. தொடக்க வரியையும் கடைசி வரியையும் மட்டும் அவர் மனப்பாடமாக வைத்துக்கொள்ளட்டும். நடுவில் உள்ளதை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகச் சொன்னால் ஒன்றும் கெட்டுப்போகாது. முழுவதையும் பேரப்பிள்ளை எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்ய வைப்பதுண்டு. அது வேண்டாம். ஒரு சொல் மறந்ததும் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிப் பிள்ளை போல முதலிலிருந்து தொடங்குவார்.

தொடக்க வரி முக்கியம். “எனது பெயர் இன்னது, நான் இன்ன ஊரில் இன்னாருக்கு மகனாகப் பிறந்தேன்” என்பதற்கே ஒன்றரை நிமிடம் போகும். பெயரையும் ஊரையும் நீங்கள் சொல்லிவிடுங்கள். அவர் வாய் திறக்கும்போது அந்த நாள் விடிந்திருக்க வேண்டும்.

ஒரு மாதிரி காட்டுகிறோம். இது நாங்களே கட்டிச் சொல்வது, யாருடைய கதையும் இல்லை. அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வேலை பார்த்த தாயின் மரக்கட்டை, வறுத்த கொட்டையைத் தல்லி உடைக்கிற கட்டை, மகள் கையில் இருக்கிறது. வழக்கமாக மேடையில் வருவது இது:

“இது எனக்க அம்மைக்க கட்டை. அம்மை அண்டி ஆபீசுல முப்பது வருசம் வேலை பாத்தா. ரொம்பக் கஷ்டப்பட்டு எங்களையெல்லாம் படிக்க வச்சா.”

இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் யார் தாயைப் பற்றியும் இப்படிச் சொல்லிவிடலாம். இரண்டு முறை போய் உட்கார்ந்தால் அதே மகள் இப்படித் தொடங்குவாள்:

“தெனமும் அம்மை வேலைக்கு எறங்கும்போ அடுப்புல இருந்து ஒரு செரட்டை சாம்பல் அள்ளிக்கிடுவா, அண்டித்தோடுக்க எண்ணெ கையில பிடிக்காம இருக்க. அண்ணைக்கு அள்ளல்ல. நான் பரீட்சைப் பீசுக்கு நிண்ணு அழுதிட்டிருந்தேன், அதுல மறந்துட்டா. அந்தியில வந்து எனக்க கையில ரூவாய வச்சா. நோட்டு முழுக்க கறுப்பா வெரல் அடையாளம். மறுநாள் பள்ளிக்கூடத்துல சாரு அந்த நோட்டையும் பாத்தாரு, என்னையும் பாத்தாரு.”

கட்டை இன்னும் வெளியே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அது கடைசியில் பையிலிருந்து வர வேண்டும். “கட்டைக்க பிடியில பாருங்க, அதே வெரல்” என்று அவள் திருப்பிக் காட்டும்போது முன்வரிசையில் இருப்பவர்கள் தாமாகவே எட்டிப் பார்ப்பார்கள். கஷ்டப்பட்டாள் என்ற சொல்லே வரவில்லை. சாம்பல் மறந்ததுதான் கதை.

ஆகவே பொருளைத் தொடக்கத்திலேயே கையில் கொடுத்து நிறுத்தாதீர்கள். பக்கத்தில் இடுப்பளவு உயரத்தில் சின்ன மேசை போட்டு, மேலே ஒரு துண்டை விரித்து, பையோடு வைத்துவிடுங்கள். துண்டு எதற்கு என்றால், வெண்கலமும் செம்பும் பலகையில் பட்டால் மைக்கில் இடி விழும். பொருள் கதைக்குள் வருகிற இடத்தில் எடுத்தால் போதும். எடுத்து முடித்ததும் மேசையிலேயே வைக்கச் சொல்லுங்கள். கையில் வைத்துக்கொண்டே பேசினால் கை நடுங்கும், சபையின் கண் நடுக்கத்தின் மேலேயே இருக்கும்.

பொருளுக்குப் பொருள் தொல்லை வேறு. பனையேறியின் அருவாப்பெட்டி வந்தால், உள்ளே இருக்கும் பாளை அரிவாளின் வாயைத் துணியால் சுற்றிக் கட்டுங்கள், குழந்தைகள் கட்டாயம் தொடுவார்கள். மலையாளத்தில் எழுதிய பழைய ஆதாரம், பள்ளிக்கூடச் சான்றிதழ் போன்ற காகிதங்களைச் சபையில் கைமாற விடாதீர்கள், மடிப்பில் கிழியும். முதல் நாளே போட்டோ எடுத்துப் பெரிதாக அச்சிட்டு அதைக் காட்டலாம். “லேமினேட் பண்ணித் தரட்டுமா தாத்தா” என்று கேட்கிற உற்சாகிகளைத் தடுத்து நிறுத்துங்கள், பிளாஸ்டிக் ஒட்டிய காகிதத்தை மறுபடி உரிக்க வழியில்லை. தங்கம் வேண்டாம். பத்திரம் ஒரு காரணம். இன்னொன்று, நகையை விட அதன் அடகுச் சீட்டு நன்றாகக் கதை சொல்லும்.

இனி மைக். நல்ல கதைகளில் பாதியைக் கொல்வது மைக் செட்தான். கையில் பிடிக்கும் மைக்கைக் கொடுத்தால் இரண்டாவது நிமிடத்தில் அது வயிற்றுக்கு இறங்கிவிடும். கதைக்குள் போனவருக்குக் கை ஞாபகம் இருக்காது. ஸ்டாண்டில் மாட்டி, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். நேரே வைத்தால் ஒவ்வொரு ‘ப’வுக்கும் காற்று அடித்து வெடிக்கும். மைக் செட்காரர் கேட்காமலே எக்கோ வைப்பார், அவர் அனுபவம் கோயில் அறிவிப்பு. முதல் வேலையாக அதை அணைக்கச் சொல்லுங்கள். கூம்புக் குழாய் வேண்டாம், இரண்டு பெட்டி ஸ்பீக்கர் போதும். அவை மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் ஸ்பீக்கரின் சத்தம் மறுபடி மைக்குக்குள் நுழைந்து கீ என்று கத்தும். மேலே ஓடும் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி போடாதீர்கள்.

கூரையைப் பாருங்கள். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. தகரக் கூரையில் ஒரு மழை அடித்தால் மைக்கால்கூடக் காப்பாற்ற முடியாது. கான்கிரீட் மண்டபம் கிடைக்காவிட்டால் விழாவை நவம்பர் 1-க்கு வைத்துக்கொண்டு, கதை சொல்லும் மாலையைத் தை மாசிக்குத் தள்ளுங்கள். நேரமும் கவனிக்க வேண்டியது. ஆறு மணிக்குத் தொடங்கினால் தேவாலய மணி, பள்ளிவாசல் பாங்கு, கோயில் ஒலிபெருக்கி மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இது குமரி, மூன்றும் ஒரே தெருவில் இருக்கும். யாரிடமும் அணைக்கச் சொல்லிப் போய் நிற்க வேண்டாம். சனிக்கிழமை மூன்றரைக்குத் தொடங்கி ஐந்து மணிக்குள் முடித்தால் தொல்லை குறைவு. பெண்களும் அந்த நேரத்தில்தான் வர முடியும்.

பதிவுக்கு மைக் செட்காரரின் வயரை நம்பாதீர்கள். மேசைமேல் துண்டின் மறு ஓரத்தில் ஒரு ரெக்கார்டரோ கைப்பேசியோ தனியாக ஓடட்டும். கைப்பேசி என்றால் ஃபிளைட் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பல கைப்பேசிகளில் பதிவு நின்றுவிடும், நின்றது நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் தெரியும். வேவ் வடிவில், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்று வைத்தால் ஒரு நிமிடத்துக்கு 5 எம்பிக்குச் சற்று மேல், 7 நிமிடக் கதைக்கு 37 எம்பி. ஆறு கதையும் சேர்ந்து 225 எம்பி கூட வராது. இடமில்லை என்று எம்பித்ரீயில் சுருக்க வேண்டிய காலம் போய்விட்டது. யாரும் பேசாத மண்டபத்தின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள், பின்னால் இரைச்சலை நீக்கும்போது அது உதவும். மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். வாட்ஸாப்பில் ஆடியோவாக அனுப்பினால் தரம் குறையக்கூடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

இப்போது அந்த ‘ஆமா’.

எழுபத்தைந்து வயதுக்காரரைச் சபையைப் பார்த்துத் தனியாக உட்கார வைத்தால் ஒன்று நடுங்குவார், இல்லை என்றால் அரசியல் மேடை ஞாபகம் வந்து முழங்குவார். இரண்டும் கதைக்கு ஆகாது. அவருக்கு எதிரே, சற்று ஓரமாக, மூன்றடி தள்ளி ஒருவரை உட்கார வையுங்கள். வீட்டுக்கு இரண்டு முறை போனவரே உட்கார்ந்தால் இன்னும் நல்லது. பெரியவர் சபைக்குச் சொல்ல வேண்டாம், இவருக்குச் சொன்னால் போதும். இவர் வேலை மூன்றுதான். கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பது, “ஆமா” போடுவது, கதை வேறு பாதைக்குப் போனால் “அப்போ அந்தப் பெட்டி யாரு கையில இருந்துது?” என்று ஒரு கேள்வியில் திருப்பிக் கொண்டுவருவது. இவர் தன் அனுபவத்தைச் சொல்லக் கூடாது. “எங்க வீட்டுலயும் இப்படித்தான்” என்று ஒரு முறை சொன்னாலே பெரியவர் மரியாதைக்கு நிறுத்திவிடுவார்.

நேரம் முடிந்ததற்கு மணி அடிக்காதீர்கள். அடிக்கிற இடத்தில் அவர் தன் தகப்பனாரின் சாவைச் சொல்லிக்கொண்டிருப்பார். ஐந்தாவது நிமிடத்தில் ஆமா போடுபவர் மடியில் இருக்கும் வெள்ளை அட்டையைத் திருப்பி வைக்கட்டும். ஏழில் மனப்பாடமான அந்தக் கடைசி வரிக்குப் போகும் கேள்வியை அவர் கேட்கட்டும். ஒன்றிரண்டு நிமிடம் கூடினால் குடி முழுகாது.

பதிவை எழுத்தாக்கும்போது நடக்கும் தவறுகளுக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்குகிறோம். வெளியூரில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் இதில்தான் சறுக்குகிறார்கள்.

பெரியவர் “பதினாலு சக்கரம் குடுத்து வாங்கினது” என்பார். பிள்ளை ‘14 ரூபாய்’ என்று எழுதும். திருவிதாங்கூர்க் கணக்கில் 28 சக்கரம் ஒரு ரூபாய், ஆக அது அரை ரூபாய். “ரெண்டு பணம்” என்றால் பொதுவாகப் பணம் இல்லை. பணம் என்பது ஒரு நாணயம், 4 சக்கரம் கொண்டது. ஒரு சக்கரத்துக்கு 16 காசு. “ஒரு காசுக்குப் பெறாது” என்று கோபத்தில் சொன்னாலும் அதில் ஒரு கணக்கு இருக்கிறது.

ஆண்டு இன்னும் மோசம். “தொண்ணூத்தொம்பது வெள்ளத்துல போன வீடு” என்று ஒருவர் தன் தாத்தா சொல்லக் கேட்டதைச் சொல்வார். அது 1999 இல்லை, கொல்லம் 1099. ஆங்கில ஆண்டு 1924, ஜூலையில் வந்த பெருவெள்ளம். கொல்லம் ஆண்டு ஆவணி ஒன்றாம் தேதி, அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. எனவே ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய நடந்ததற்கு 824-ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய நடந்ததற்கு 825-ஐயும் கூட்ட வேண்டும். எப்போதும் 825 கூட்டுகிறவர்கள் இணைப்பு நாளையே ஓராண்டு தள்ளிவிடுவார்கள்: அது 1132 ஐப்பசி, 824 கூட்டினால்தான் 1956. மாதம் ஞாபகமில்லை என்றால் அறுப்பைக் கேளுங்கள். கன்னிப்பூ அறுப்பு என்றால் புரட்டாசியை ஒட்டி, கும்பப்பூ என்றால் மாசியை ஒட்டி. நாஞ்சில் நாட்டுக்காரருக்கு நாள்காட்டியை விட வயல் தெளிவாக ஞாபகம் இருக்கும். எழுத்தாக்கும் செயலிகளை முழுக்க நம்பாதீர்கள். “மேட மாசம்” என்று சித்திரையைச் சொன்னால் அது ‘மேடம்’ என்று ஒரு டீச்சரைக் கொண்டுவந்து நிறுத்தும்.

பேச்சைத் திருத்தாதீர்கள். “எனக்க அம்மைக்க பெட்டி” என்பதை “என் அம்மாவின் பெட்டி” என்று மாற்றினால் பெட்டிக்குச் சொந்தக்காரி மாறிவிடுகிறாள். இணைப்புக்கு முன் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நடுவில் மலையாளத்துக்குப் போய்த் திரும்புவார்கள், அதுவும் அப்படியே இருக்கட்டும். தமிழுக்காகப் போராடிய நாளைக் கொண்டாடும் மேடையில் மலையாளமா என்று யாராவது முணுமுணுப்பார்கள். இணைப்புக் கேட்டுப் போராடியவர்கள் மேல் 1954 ஆகஸ்ட் 11-இல் நடந்த துப்பாக்கிச் சூட்டை நினைவில் வைத்திருக்கும் ஒரு மார்த்தாண்டத்துக்காரரே அன்றைய அதிகாரியின் உத்தரவை மலையாளத்தில்தான் சொல்லிக் காட்டுவார். அவர் காதில் விழுந்தது அந்த மொழியில். அதை மாற்றினால் பொய்.

உண்மை என்பது அங்கேதான் இருக்கிறது. தான் பார்த்ததையும் பிறர் சொல்லக் கேட்டதையும் கலக்காமல் சொன்னால் அது உண்மைக் கதை. “நான் அப்போ அங்க இல்ல, அம்மை சொன்னா” என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். கதையின் பலம் குறையாது. இணைப்பின்போது பத்து வயதாக இருந்தவருக்கு இன்று எண்பதை ஒட்டி வயது. அந்த வயதில் இணைப்புப் போராட்டத் தலைவர் நேசமணியைப் பார்த்தது பாதி, கேட்டது பாதியாக இருக்கும். எது எந்தப் பாதி என்று இரண்டாவது சந்திப்பிலேயே பிரித்துவிடுங்கள், மேடையில் குறுக்கிட்டுக் கேட்காதீர்கள்.

அழுகைக்கு வருவோம். 2004 சுனாமியிலோ 2017 ஒக்கிப் புயலிலோ ஆளை இழந்த வீடுகள் நம் கடற்கரை முழுக்க இருக்கின்றன. ஒரு தூண்டில் உருண்டையோ ஒரு சட்டையோ அந்த வீட்டிலிருந்து வரக்கூடும். இரண்டாவது சந்திப்பிலும் ஓரிடத்தைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டால் இந்த ஆண்டு மேடை வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். “சொன்னா மனசு லேசாகும்” என்று வற்புறுத்தாதீர்கள், அந்த உறுதியைத் தர நமக்குத் தகுதியில்லை. கடலுக்குப் போனவர் உடல் கிடைக்காத வீட்டில் கதைக்கு முடிவு கேட்காதீர்கள், அவர்களிடமே அது இல்லை. எதிர்பாராமல் மேடையில் அழுகை வந்தால் ஆமா போடுபவர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். சபை ஆறுதலுக்காகக் கைதட்டத் தொடங்கும். தட்ட வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவைப்பது நல்லது, கைதட்டல் அந்த இடத்தில் “போதும், எழுந்திரு” என்று கேட்கும்.

சாதி வரும். பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்காக 1859 வரை போராடிய மண் இது. எந்த வீட்டுத் திண்ணையில் ஏற விடவில்லை, எந்தக் கிணற்றில் இறைக்க விடவில்லை என்று ஒரு செம்புப் பானையோடு ஒருவர் வருவார். நல்லிணக்கம் கெடும் என்று அதை வெட்டச் சொல்லும் பொறுப்பாளர்களைக் கண்டிருக்கிறோம். வெட்டாதீர்கள். வெட்ட வேண்டியது, உயிரோடு இருக்கும் ஒருவரின் பெயரை மட்டும்தான். அவர் வந்து மறுபக்கம் சொல்ல அந்த மேடையில் இடமில்லை அல்லவா? அதே நியாயம், பெட்டியை அடகுவைத்துத் தின்ற மருமகனுக்கும் உண்டு.

ஒப்புதல் தாளில் நான்கு கேள்வி இருக்கட்டும். மண்டபத்தில் சொல்லலாமா, பதிவு செய்யலாமா, யூடியூபிலும் வாட்ஸாப்பிலும் போடலாமா, பெயர் போடலாமா. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆம், இல்லை. ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் வாங்கிவிடாதீர்கள். சொல்லத் தயார், யூடியூப் வேண்டாம் என்கிறவர்கள் நிறைய, குறிப்பாகப் பெண்கள். வாசித்துக் காட்டிய பிறகு வாங்குங்கள். கதை சொல்லி முடித்த பிறகு இன்னொரு முறை கேளுங்கள், மேடை ஏறும் முன் சொன்ன ஆம், இறங்கிய பிறகு மாறலாம். சபையில் கைப்பேசியைத் தூக்குபவர்களுக்கும் இது பொருந்தும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பரிசு வேண்டாம். மதிப்பெண் போட்டால் பெரிய துயரம்தான் ஜெயிக்கும். சிரிக்க வைக்கிற ஒரு ரப்பர் பால் வெட்டுக்காரரின் கத்திக் கதை தோற்றுப்போகும், அடுத்த ஆண்டு எல்லோரும் சாவோடு வருவார்கள். சிறப்பு விருந்தினர் வேண்டும் என்று கமிட்டி பிடிவாதம் பிடித்தால் அவரை முதல் வரிசையில் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அவர் வரும் வரை தொடங்காமல் இருக்காதீர்கள். எண்பது வயதுக்காரர் மூன்றரைக்குத் தயாராக இருந்தால் ஐந்தரைக்கு அவரிடம் கதை இருக்காது, முதுகுவலிதான் இருக்கும். பொன்னாடைக்கு ஆகும் செலவில் திரும்பிப் போக ஆட்டோ பிடித்துக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். யார், என்ன பொருள், எத்தனை மணிக்கு மேசைக்கு வந்தது, திருப்பி வாங்கியதற்குக் கையெழுத்து. பொருள் எதையும் இரவு நூலகத்தில் தங்க விடாதீர்கள், “நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்” என்று அவரே சொன்னாலும். மேடையில் வைத்து “இதை நூலகத்துக்கே கொடுத்துடுங்களேன்” என்று கேட்பதும் கூடாது, சபைக்கு நடுவில் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வராது. விளக்கை அணைக்கும் முன் மேசையையும் நாற்காலிக்கு அடியிலும் ஒரு தடவை பாருங்கள். உருளியும் பெட்டியும் ஞாபகமாகப் போய்விடும், மூக்குக்கண்ணாடிதான் கிடக்கும்.

இப்படிக்கு,
கதை கேட்டுப் பதிவு செய்யும் சிலர்